பரணில் வியர்க்கும் நீர்
அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் அதையொட்டியும் அமைந்த ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில், சரிந்த கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் இடைப்பட்ட பரணுக்கு வெப்பத்தடுப்புப் பொருள் தேர்ந்தெடுப்போர், வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ‘ஆர்’ மதிப்பை மட்டுமே பார்த்து முடிவெடுப்பது அறியாமையே ஆகும். அங்கே கோடைக்காலத்தில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகை செல்சியஸை எட்டுவது வழக்கமாதலால், பரண் வழியே ஏசிக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயின் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தாலும், 13 பாகை அளவில் குளிர்ந்துள்ள அதன் மேற்பரப்பில் நீர் முத்துமுத்தாக அரும்பிச் சொட்டத் தொடங்கிவிடும். கனடாவின் கடுங்குளிருக்கேற்ப வீட்டின் உட்புறமாக விரிக்கப்படும் பாலித்தீன் தாளை (அந்நாட்டுக்கு அது சரியானதே) வளைகுடாக் கரை வீடுகளிலும் விரித்தால், வெளியிலிருந்து புகும் ஈரம், ஏசி அறையால் குளிர்ந்த அத்தாளின்மேல் படிந்து, கண்ணாடியிழைப் பஞ்சை நனைத்து, உட்கூரையில் பழுப்புக் கறையாக வெளிப்படும். விலைமிக்க நுரைப்பூச்சை விற்பனையாளர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும், விளக்குத் துளைகளிலும் குழாய் இணைப்புகளிலும் காற்றுக் கசிவை முதலில் அடைத்துவிட்டு, பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யப்படும் செல்லுலோஸ் இழையைப் போதிய கனத்தில் பரப்புவதே வளைகுடாக் கரையிலுள்ள பெரும்பாலான பழைய வீடுகளுக்குப் போதுமானது.