இல்லமும் நலமும்: நாற்பதைக் கடந்தபின் ஒரு பேறு

சென்ற திங்களில் ஒரு மாலை, பணி முடிந்து மசூதிச் சாலை வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்த நம்மை நமது அத்தான் வழிமறித்தார். தஞ்சையில் ஒரு திருமணம். இரவு வண்டியில் இடம் வேண்டும். தமக்கையாருக்குக் கீழ்ப்படுக்கையே வேண்டும் என்றார். ரயில்வே குமாஸ்தாவுக்கு உறவினர் இடும் பணி வேறென்ன! 45 வயது நிறைந்த பெண்டிர்க்கே அவ்வொதுக்கீடு உண்டு, தமக்கையாருக்கு 41தானே என்றோம். அத்தான் சற்று நேரம் தரையை நோக்கி நின்றார். பின்னர், "அதே விதியில் இன்னொரு வகை இருக்கிறதே, அதில் போட்டுவிடும், மாப்பிள்ளை" என்றார்.

அந்த இன்னொரு வகை, கருவுற்ற தாய்மார்களுக்கு உரியது. தமக்கையாருக்கு அப்பொழுது ஐந்து திங்கள் நிறைந்திருந்தது. அதுவரை எந்த மருத்துவரையும் அவர் பார்த்திருக்கவில்லை. "கல்லூரிக்குப் போகும் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இதை எப்படி வெளியே சொல்வது, தம்பி?" என்றார்.

அவ்வெட்கத்தின் விலை என்ன என்பதை மருத்துவர் எடுத்துரைத்தபோதுதான் நாமும் அறிந்தோம். பெண் மகவு தாய் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் யாவும் உருவாகிவிடுகின்றன. பல்லாண்டுகள் காத்திருக்கும் முட்டையில் குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரியாமற்போவது வயது ஏற ஏற மிகுகிறது. பக்கத் தடத்தில் நெடுங்காலம் நின்ற பெட்டிகளின் இணைப்பு துருப்பிடித்துக்கொள்வதைப் போன்றது என்று நாம் விளங்கிக்கொண்டோம். மருத்துவர் நகைத்தார், மறுக்கவில்லை. 25 வயதுத் தாய்க்கு டவுன் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1,250ல் ஒன்று. 35ல் ஏறத்தாழ 350ல் ஒன்று. 40ல் 100ல் ஒன்று. கரு கலையும் அபாயமோ 40 வயதில் மூன்றில் ஒரு பங்கு. 100ல் ஒன்று எனில் 99 பேருக்கு அக்குறை இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஆயினும், இதனை முன்னரே கண்டறிய உதவும் ஸ்கேனும் இரத்தச் சோதனையும் 11 முதல் 14 வாரத்திற்குள் செய்யத்தக்கவை. தமக்கையாருக்கு அக்காலம் கடந்துவிட்டது.

மற்றோர் இழப்பும் உண்டு. வயது மிகுந்த தாய்க்கு இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் இறங்கி, வலிப்புவரை கொண்டுசெல்லும் நோய்க்கு இடம் அதிகம். அவ்வபாயம் உடையோர்க்கு மருத்துவர் சிறு அளவில் ஆஸ்பிரின் தருவதுண்டு. 16 வாரத்திற்கு முன் தொடங்கினால்தான் அதன் பயன் நன்கு கிட்டும். இனி அவரால் செய்யக்கூடியது, அழுத்தத்தை அடிக்கடி அளந்து பார்ப்பதே. அளவு 140/90 ஆனாலோ, தீராத தலைவலி, கண்மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி தோன்றினாலோ இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று கூறியுள்ளனர்.

சர்க்கரைச் சோதனை மட்டும் தவறவில்லை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கின்றனர். 140 அல்லது அதற்கு மேலிருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்னும் கட்டாயமில்லை. தொலைவிலிருந்து பேருந்தேறி வரும் ஏழைத் தாயையும் கருத்திற்கொண்ட இம்முறையை நம் நாட்டில் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா என்பது தமிழர்க்குப் பெருமை.

இதற்கிடையில் அண்டைவீட்டு அம்மையார் ஒருவர், "குண்டூரில் கிழவியே பெற்றாளாம், உனக்கென்ன?" என்று ஆறுதல் கூறிச் சென்றார். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், 74 வயதினர் என மருத்துவர்கள் அறிவித்த ஒரு மூதாட்டி அங்கே இரட்டைப் பெண்மகவு ஈன்றது உண்மையே. ஆனால் முட்டை வேறொரு பெண்ணுடையது. முட்டை இளமையானால் குரோமோசோம் குறை குறையும். அழுத்தமும் சர்க்கரையும் சுமக்கும் உடலின் வயதைப் பொறுத்தவை. அத்தகைய சிகிச்சைக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் பெண்டிர்க்கு 50 வயதை வரம்பாக்கியுள்ளது.

திங்கள்தோறும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கருவுற்ற தாய்மார்க்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. நம் பேட்டையினருக்குச் சிவாஜி நகரம் நடக்கும் தொலைவுதான். அபாயம் மிகுந்தோர் அட்டையில் சிவப்பு வில்லை ஒட்டுகின்றனர். அதைக் கண்டதும் தமக்கையார் கலங்கி, கிழித்தெறிய முனைந்தார். சிவப்பைக் கண்டால் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று எந்த ஓட்டுநரும் அழுவதில்லையே என்றோம். முதன்முறையாகச் சிரித்தார். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது, ஆனால் என் பெயரைப் போடாதே" என்றார். இப்பேட்டையில் நம் தமக்கையாரை அறியாதார் யார்?

தஞ்சைத் திருமணத்திற்கு அத்தான் மட்டும் சென்றுவந்தார். வரும் 9ஆம் தேதிக்கு அரைநாள் விடுப்புக் கேட்டு எழுதிக்கொடுத்திருக்கிறோம். தாயின் அட்டையைக் கையில் ஏந்தி உடன் வருவதாகக் கல்லூரிப் பெண்ணும் கூறியிருக்கிறாள்.