மாதமும் பக்கமும் எங்கே?

நூற்பட்டியல் என்றதும் காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே என்று மாணவரை வதைக்கும் பண்டிதர்களை நாம் அறிவோம். ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஊர், ஆண்டு. நூலுக்கு இவை போதும். ஆனால் ஈழத்துச் சிறுகதை நூல்களிலா வளர்ந்தது? 1930இல் தோன்றிய ‘ஈழகேசரி’யிலும் 1946இல் தோன்றிய ‘மறுமலர்ச்சி’யிலும் அல்லவா வளர்ந்தது! கதையின் பெயரோடு, பத்திரிகையாயின் திகதி வேண்டும். சஞ்சிகையாயின் மாதமும் இதழெண்ணும் பக்கமும் வேண்டும். இவற்றை விழுங்கிவிட்டுப் பிந்திய தொகுப்பின் ஆண்டை மட்டும் எழுதுவோர், முன்னோடியைப் பின்னோடியாக்குகின்றனர். நூலேறாத எழுத்தாளனோ பட்டியலிலிருந்தே மறைகிறான். 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்ட பின்னருமா இந்த அலட்சியம்? எஞ்சிய பிரதி ஏதோவொரு வீட்டு அலுமாரியில் கிடக்கலாம். எந்த இதழ் என்று தெரிந்தாலன்றோ தேடமுடியும்? காற்புள்ளி தவறியதற்குப் புள்ளி குறைக்கும் பரீட்சகர்கள், திகதியில்லாத குறிப்பைத் திருப்பியனுப்பட்டும்.