கரகரப்பு நின்றால் நல்லதா?



சென்ற மாதம் எங்களில் ஒருவருடைய பிறந்தநாளை அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டில் கொண்டாடினோம். அங்கே அங்கிளின் பழைய ஸ்பீக்கர்கள் இரண்டு இருந்தன. கனடாவுக்கு வந்த புதிதில் இரண்டு வேலை செய்து, மிச்சம் பிடித்த காசில் வாங்கியவை. "கவனம் பிள்ளையள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார்.

ஆட்கள் கூடக் கூடப் பேச்சுச் சத்தமும் கூடியது. பாட்டுக் கேட்கவில்லை என்று ஒவ்வொருவராகப் போய் வொலியூமைக் கூட்டினோம். பேஸையும் கூட்டினோம். பத்து மணியளவில் பாட்டு கரகரத்தது. கொஞ்ச நேரத்தில் கரகரப்புக் குறைந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம். உண்மையில் இரண்டு ட்வீட்டர்களும் எரிந்திருந்தன.

அடுத்த நாள் தெரிந்தும் நாங்கள் வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அங்கிள் காதைப் பரிசோதிக்க நாள் எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். பாட்டு மங்கலாகக் கேட்கிறதாம், வயது போய்விட்டது என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு எங்களால் சும்மா இருக்க முடியவில்லை. போய்ச் சொன்னோம். "அப்ப என்ரை காதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று முதலில் சிரித்தார். பிறகுதான் ஏசினார்.

எங்களுக்கு ஒரு சந்தேகம். ஸ்பீக்கர் 100 வாட், அம்பிளிஃபையர் 30 வாட். பிறகு எப்படி எரியும்?

அம்பிளிஃபையரால் அதற்கு மேல் கொடுக்க முடியாதபோது ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். அப்போது பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்கள் உண்டாகும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் அவற்றை ட்வீட்டருக்கே அனுப்பும். வழக்கமாகப் பாட்டின் சக்தியில் சிறு பங்குதான் அங்கே போகும். அதன் சுருள் மிக மெல்லிய கம்பி. சூடு தாங்காமல் எரிந்துவிடும். 100 வாட் என்பது முழுப் பெட்டிக்குமான கணக்கு, ட்வீட்டருக்கு மட்டும் உரியதல்ல.

இன்னொரு கணக்கும் உண்டு. சத்தம் இருமடங்காகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு சக்தி தேவை. பேஸை 10 டெசிபல் கூட்டினாலும் அந்தத் தாழ்ந்த ஒலிகளுக்கு அதே கணக்குத்தான். சின்ன அம்பிளிஃபையர் திணறாமல் என்ன செய்யும்?

ஆகவே சில பழக்கங்கள்:

கரகரத்தால் உடனே வொலியூமைக் குறையுங்கள். அதுதான் எச்சரிக்கை.

அம்பிளிஃபையரைக் கடைசியாகப் போடுங்கள், முதலில் நிறுத்துங்கள். அது ஓடும்போது வயர்களைக் கழற்றவோ மாட்டவோ வேண்டாம்.

ட்வீட்டரின் குமிழை விரலால் தொடாதீர்கள். தூசி எடுக்க வெக்யூம் கிளீனரைப் பிடிக்காதீர்கள், குமிழைப் பிய்த்துவிடும்.

பழைய ஸ்பீக்கர் என்றால் ஊஃபரைச் சுற்றியுள்ள நுரை வளையத்தைப் பாருங்கள். உக்கியிருந்தால் மாற்றும்வரை போடாதீர்கள்.

புது ட்வீட்டர்களுக்கான காசை எல்லோரும் பங்கு போட்டோம். பூட்டியது அங்கிள்தான், டோர்ச் பிடித்தது நாங்கள். பூட்டி முடித்து ஒரு பழைய பாட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

எதையாவது உடைத்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாங்கள் இரண்டு கிழமை ஒரு மனிதரைத் தன் காதையே சந்தேகிக்க வைத்துவிட்டோம்.