பாட்டன் பிறந்த ஊர் எது?

திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நாம் இலங்கைத் தமிழர் என்றதும் யாழ்ப்பாணத்தையே நினைக்கிறோம். மலையகத்தை நினைப்பவர் சிலரே. ஆனால் அம்மலையக வரலாற்றின் ஓர் ஏடு, நம் நகருக்கு வடக்கே, புனலூரை அடுத்த ரப்பர்த் தோட்டங்களில் இன்றும் விரிந்து கிடக்கிறது. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் பால்வெட்டும் தமிழ்க் குடும்பங்கள் அங்கு எங்ஙனம் வந்தன?

காப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஆள் வேண்டிய காலத்தில் இலங்கையின் கதவு அகலத் திறந்திருந்தது. கங்காணிகள் ஊர் ஊராய் ஆள் திரட்டினர். 1930களில் மந்தம் வந்தது. வேலை குறைந்தபோது மனமும் குறுகிற்று. தொழிலாளர் தலைவராகப் புகழ்பெற்ற ஏ. ஈ. குணசிங்காவே கொழும்பிலிருந்த மலையாளித் தொழிலாளரை எதிர்த்து இயக்கம் நடத்தினார். 1939இல் அரசாங்கத் துறைகளிலிருந்து இந்தியத் தினக்கூலிகள் நீக்கப்பட்டபோது நேரு நேரில் சென்று பேசியும் பயன் விளையவில்லை.

1948இல் விடுதலை வந்தது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டமும் வந்தது. அம்மண்ணில் பிறந்தால் மட்டும் போதாதாம். தந்தை அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவன் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்பவர்க்குச் சட்டத்தின் நோக்கம் விளங்கும். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அவ்வாண்டு வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடியுரிமை வேண்டினர். பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். தேயிலைப் பெட்டிகளைக்கூட இதைவிடக் கவனமாகப் பிரிப்பார்கள்! தாயகம் திரும்பியோர் எனப் பெயரிட்டு அழைத்து வரப்பட்டவர்களில் ஒரு பகுதியினர்க்கெனவே 1976இல் புனலூர்த் தோட்ட நிறுவனம் அமைந்தது. பிறந்த மண்ணை விட்டு வந்தவரைத் திரும்பியவர் என்பது என்ன தமிழோ!

இலங்கையோ 2003இல்தான் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. 55 ஆண்டுகள்! எனினும் அது திருந்திற்று. நாம் எத்திசையில் நடக்கிறோம்?

1955ஆம் ஆண்டின் நம் சட்டம், இம்மண்ணில் பிறந்தவனை இந்நாட்டுக் குடிமகன் என்றது. 1987 ஜூலை முதல் பிறப்போர்க்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமக்களாயிருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் முதல் பிறப்போர்க்கோ, அவ்வொருவரோடு மற்றவரும் சட்டவிரோதமாகக் குடியேறாதவராயிருத்தல் வேண்டும். 1948இல் கொழும்பு கேட்ட கேள்வியின் சாயல் இதில் இல்லையா?

2019இன் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்து வந்தோரை மட்டுமே கருதியது. இலங்கைத் தமிழர்க்கு அதில் இடமில்லை. அத்திருத்தத்தை நீக்கக் கோரி 2019 டிசம்பர் 31 அன்று இந்நகரின் சட்டமன்றமே தீர்மானம் இயற்றிற்று. அதை நான் போற்றுகிறேன். எனினும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து உழைப்போரை இங்கே ‘அதிதித் தொழிலாளர்’ என்கிறார்களே, விருந்தினர் எத்தனை ஆண்டு விருந்தினராகவே இருப்பது என்றும் கேட்கத் தோன்றுகிறது. கொழும்பில் அந்நியராய் நின்ற மலையாளியின் பேரர் அதைச் சிந்திக்கலாம்.

2025 செப்டம்பரில் மைய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9க்கு முன் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்கு, கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு. நல்லதே, ஆனால் விலக்கு வேறு, உரிமை வேறு. தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் மலையக வழியினரும் உளர். பெற்றோர் எந்தப் படகில் வந்தனர் என்று பாராமல், அவர்கள் இங்கு வாழ்ந்த ஆண்டுகளை எண்ணிக் குடியுரிமை வழங்க வேண்டுமென்று நம் மன்றம் தீர்மானம் இயற்றி தில்லிக்கு அனுப்புதல் வேண்டும் என்பது என் கருத்து. மாறுபடுவோர் அடுத்த இதழில் எழுதுக.