துளைவழிச் சத்திரசிகிச்சையும் சுவாசமும்

பித்தப்பையிற் கல் என்றால் முன்னெல்லாம் விலாவின் கீழே நீளமாக வெட்டுவார்கள். 1985ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே எரிக் மூஹே என்னும் சத்திரவைத்தியர் சிறு துளை வழியாகவே அதனை அகற்றிக் காட்டினார். இன்று அதுவே வழமை. "சின்ன ஒப்பறேசன்தானே" என்று வீட்டார் ஆறுதலடைகின்றனர். வெட்டு சின்னதுதான், மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியருக்கோ வேலை கூடிவிடுகின்றது.

உள்ளே பார்ப்பதற்கு இடம் வேண்டுமல்லவா? ஆகவே காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்கின்றனர். அமுக்கம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீற்றர் இரசம். இவ்வாயு தீப்பற்றாது, இரத்தத்தில் இலகுவிற் கரைந்து மூச்சுடன் வெளியேறும். ஆனால் தசைகள் தளர்ந்து உறங்கும் நோயாளி தானாக வேகமாய் மூச்சுவிட முடியாதே! இயந்திரமே அவருக்காகக் கூடுதலாகச் சுவாசிக்க வேண்டும். அதே வேளையில் உப்பிய வயிறு பிரிமென்றகட்டை மேலே தள்ளுகின்றது; சுவாசப்பையின் அடிப்பகுதி சுருங்குகின்றது. கருப்பைச் சிகிச்சைக்காகத் தலையைத் தாழ்த்திக் கிடத்தினால் நெருக்கம் இன்னும் அதிகம்.

பெரிய பெரிய மூச்சாகச் செலுத்துவதே முன்னாளைய வழக்கம். 2013இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சியொன்று அதனை அசைத்தது. வயிற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற 400 பேரில், பெருமூச்சுப் பெற்றோருள் 27.5 வீதத்தினருக்குக் கடுஞ் சிக்கல்கள் நேர்ந்தன. சிறு மூச்சுடன், மூச்சு வெளியேறிய பின்னரும் சிறிது அமுக்கத்தை உள்ளே நிறுத்தி, இடையிடையே சுவாசப்பையை விரித்துவிடவும் பெற்றோருள் அது 10.5 வீதமே. துளைவழிச் சிகிச்சைகள் அவற்றுட் சிலவேயாயினும், பாடம் இங்கும் பொருந்தும்.

மூச்சின் அளவை உடற்பருமன் கொண்டு கணிப்பதில்லை. உயரத்தைக் கொண்டே கணிப்பர். உடல் பெருத்தாலும் சுவாசப்பை பெருப்பதில்லை. 5 அடி 1 அங்குல உயரமான பெண்ணுக்குக் கணக்கில் 48 கிலோ; கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றராக, மூச்சொன்றுக்கு ஏறக்குறைய 290 முதல் 380 மில்லிலீற்றர். அவர் 90 கிலோ நிறையுள்ளவரென்றாலும் அதுவே. சேரும் வாயுவை வெளியேற்ற, நிமிடத்துக்கான மூச்சுக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவர். வெளிமூச்சை அளக்கும் கருவியின் திரையில் எழும் அலைக்கோடு இதற்கு வழிகாட்டும்.

உள்ளே நிறுத்தும் அமுக்கம் கூடக்கூட நன்மை என்றும் எண்ணவேண்டாம். பருத்த உடலினரிடம் 12 சதமமீற்றர் நீரமுக்கத்தையும் 4 சதமமீற்றரையும் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆராய்ச்சியிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மறுநாள் தோள்மூட்டு வலிக்கின்றதென்று நோயாளி முறையிட்டால், மேசையிற் சரியாகக் கிடத்தவில்லையென்று தாதிமாரைக் குறைகூறவேண்டாம். பெரும்பாலும் அது வாயுவினால் உறுத்தப்பட்ட பிரிமென்றகட்டின் நோவு. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் தோளிலே தெரிகின்றது. சில நாட்களிற் போய்விடும்.