மெழுகுதிரிக்கு இரு கைகள் வேண்டும்



சென்ற இரு இதழ்களிலும் இப்பக்கத்தில் நம்மைக் காணாது சிலர் கடிதம் எழுதி நலம் கேட்டிருந்தீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. நாம் நோயுற்றிருக்கவில்லை, ஊரில் இல்லை, அவ்வளவே. ஜெர்மனியில் வாழும் நம் தங்கை மகள் பன்முறை அழைத்ததைத் தட்ட இயலாமல், இலையுதிர் காலத்தில் ஆறு வாரங்கள் அங்குத் தங்கி வந்தோம். ஓய்வுக்கென்று சென்றோம், ஓய்வுதான் கிடைக்கவில்லை. ஊர் ஊராக இரயிலில் ஓடினோம்; ஆலயங்களில் இன்னிசை கேட்டோம்; மெழுகுதிரி ஏந்தி மக்கள் கூட்டத்தோடு நடக்கவும் செய்தோம்.

புறப்பட்டபோது நம் உள்ளத்தில் ஒரு சோர்வு குடிகொண்டிருந்தது. நம் பங்கில் பள்ளிக்கு அருகிலுள்ள மதுக்கடையை அகற்ற வேண்டி மனுக்கள் கொடுத்து வருகிறோம். குடியால் நலிந்த குடும்பங்களுக்காக வியாழன்தோறும் மாலையில் கூடிச் செபிக்கிறோம். தொடக்கத்தில் அறுபது பேர் வந்தனர். ஓராண்டு கழிந்ததும் ஏழு பேர். “இதனை நிறுத்திவிடலாமா, சாமி?” என்று பங்குத்தந்தையைக் கேட்டுவிட்டே விமானம் ஏறினோம். “போய் வந்து நீங்களே சொல்லுங்கள்” என்றார் அவர்.

லைப்சிக் நகரில்தான் நமக்கு விடை காத்திருந்தது.

அது இசையின் நகர். இசைமேதை பாக் 1723-ஆம் ஆண்டு முதல் 1750-இல் கண்மூடும்வரை அங்கே ஆலய இசைக்குப் பொறுப்பேற்றிருந்தார். அவரது கல்லறை இன்று புனித தோமா ஆலயத்தினுள் இருக்கிறது. ஒரு வெள்ளி மாலை அங்கே அமர்ந்து பாடற்குழுவின் பாடலைக் கேட்டபோது, மொழி புரியாவிடினும் உள்ளம் உருகிற்று. லைப்சிக்கில் தம் முதல் ஆண்டுகளில் பாக், ஏறத்தாழ வாரந்தோறும் ஞாயிறு வழிபாட்டுக்கென்று ஒரு புதிய இசைப் படைப்பை எழுதி, பாடகர்களைப் பயிற்றி, அரங்கேற்றினார். அந்த ஞாயிறு முடிந்தால் அடுத்த ஞாயிறு. உலகம் போற்றும் அப்படைப்புகளுள் பல, வாரக் கடமையாகப் பிறந்தவையே.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் புனித நிக்கொலாஸ் ஆலயம். பாக் இயற்றிய யோவான் பாடுகளின் இசை 1724-ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று முதன்முதலில் ஒலித்தது இங்கேதான். உள்ளே நுழைந்ததும் வியந்து நின்றோம். வெண்ணிறத் தூண்களின் உச்சியில் ஓலைகள் விரிந்திருந்தன! நம் ஊர்த் தோப்பொன்று அக்குளிர் நாட்டில் கல்லாய்ச் சமைந்ததுபோல் இருந்தது.

அக்காலத்தில் லைப்சிக் பொதுவுடைமை ஆட்சியிலிருந்த கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. மக்கள் விரும்பியபடி பேசவோ, வெளிநாடு செல்லவோ இயலாது. 1982-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் லூத்தரன் சபையைச் சேர்ந்த இவ்வாலயத்தில் திங்கள்தோறும் மாலையில் சமாதானத்துக்கான செபம் நடந்து வந்தது. சில காலங்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே வந்தனர். ஆயினும் கதவு மூடப்படவில்லை. விசுவாசிகளாயினும் அல்லாதவராயினும் எவரும் வரலாம் என்பதே போதகர் கிறிஸ்டியன் ஃபூரரின் நிலை.

1989-இல் நாடு கொதித்தது. ஜூன் மாதம் அந்நகரின் தெருக்களில் அனுமதியின்றி இசைவிழா நடத்திய இளைஞர்களைக் காவலர்கள் பிடித்துச் சென்றனர். பாட்டுப் பாடுவதே குற்றமாயிற்று! செப்டம்பரில் ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட, ஆயிரமாயிரம் பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அவ்வேளையில் ஆலயத்தின் முன் வேறொரு முழக்கமும் எழுந்தது: “நாங்கள் இங்கேயே இருப்போம்!”

அக்டோபர் 9, திங்கட்கிழமை. கூடுவோரை ஆயுதத்தால் அடக்கவும் தயங்கோம் என்ற எச்சரிக்கை மூன்று நாட்களுக்கு முன்பே நாளிதழில் வெளியாகியிருந்தது. அவ்வாண்டு ஜூனில் பெய்ஜிங் நகரில் சிந்திய இரத்தத்தை எவரும் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கான காவலரும் படையினரும் நிறுத்தப்பட்டிருந்தனர். மருத்துவமனைகளில் கூடுதல் படுக்கைகள் ஆயத்தமாக இருந்தன.

அன்று அங்கு வந்திருந்த மூதாட்டி ஒருவரை ஆலயத்தில் சந்தித்தோம். அவர் சொல்லச் சொல்ல நம் தங்கை மகள் தமிழில் சொன்னாள்: “மாமா, இவர்கள் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகளாம். இருவரும் போய் இருவரும் திரும்பாவிட்டால் பிள்ளைகள் என்னாவது என்று, கணவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு இவர் மட்டும் வந்தாராம். கதவருகே இருவரும் ஒன்றுமே பேசவில்லையாம்.” மூதாட்டி தம் கைகளை உயர்த்திக் காட்டினார். ஒரு கை திரியைப் பிடிக்க வேண்டும். மற்றொரு கை காற்றிலிருந்து சுடரைக் காக்க வேண்டும். பிறகு கல்லெடுக்கக் கை ஏது? போதகர் ஃபூரரும் இக்கருத்தையே சொல்லி வந்தார் என்று பின்னர் அறிந்தோம்.

அன்று மாலை, இசைக்குழுவின் தலைவர் குர்ட் மசூர் உள்ளிட்ட அறுவர் விடுத்த வேண்டுகோள் நகரின் ஒலிபெருக்கிகளில் மசூரின் குரலிலேயே ஒலித்தது: அமைதி காப்போம், பேசித் தீர்ப்போம் என்பது அதன் சாரம். அறுவருள் மூவர் ஆளுங்கட்சியின் பொறுப்பாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 70,000 பேர் நடந்தனர். துப்பாக்கி வெடிக்கவில்லை. அடுத்த திங்களன்று கூட்டம் இலட்சத்தைத் தாண்டியது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9-ஆம் நாள், பெர்லின் மதில் திறந்தது. ‘இங்கேயே இருப்போம்’ என்றவர்களின் உறுதிக்கு, எல்லார்க்கும் பயண வாயில் திறந்ததில் பெரும்பங்கு உண்டன்றோ!

அந்த அக்டோபர் 9-இன் நினைவுநாளில் நாமும் மெழுகுதிரி ஏந்தி அவ்வூர்ச் சதுக்கத்துக்குச் சென்றோம். மக்கள் வைத்த சுடர்கள் 89 என்னும் எண்ணாக ஒளிர்ந்தன. காற்றடித்தது, நம் திரி இருமுறை அணைந்தது. அருகில் நின்ற சிறுவன் ஒருவன் ஒன்றும் சொல்லாமல் தன் சுடரை நீட்டி ஏற்றித் தந்தான்.

அங்கு நின்று எண்ணிப் பார்த்தோம். உலகம் அந்த ஒரு திங்களைப் பேசுகிறது. அதற்கு முன் ஏழு ஆண்டுகளில் வந்துபோன திங்கட்கிழமைகளை யார் பேசுகிறார்? எவரும் வராத மழைநாளிலும் கதவைத் திறந்து விளக்கேற்றி வைத்தவர்கள் இல்லாதிருந்தால், அஞ்சிய மக்கள் அன்று எங்கே கூடியிருப்பர்? எல்லாச் செபக்கூட்டங்களும் மதிலை வீழ்த்தும் என்று நாம் சொல்லவில்லை. செபித்தோர் இரத்தம் சிந்திய நாடுகளும் உண்டு. பலன் நம் கையில் இல்லை. கதவைத் திறந்து வைப்பது நம் கையில் உண்டு. கடுகு விதையின் உவமையை எத்தனையோ முறை கேட்டும், விதைத்த மறுநாளே மரத்தைத் தேடியது நம் பிழை.

ஊர் திரும்பிய முதல் வியாழன் மாலை கோவிலுக்குச் சென்றோம். நல்ல மழை. ஒன்பது பேர் வந்திருந்தனர். மதுக்கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம் மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. பங்குத்தந்தை நம்மை நோக்கிப் புன்னகைத்து, “என்ன முடிவு?” என்றார்.

“அடுத்த வியாழனும் உண்டு, சாமி” என்றோம்.

வாசகர்களே, உங்கள் இல்லத்து இரவுச் செபத்தில் பிள்ளைகள் தூங்கி விழலாம். உங்கள் அன்பியத்தில் நால்வர் மட்டுமே கூடலாம். நீதி கேட்டு நீங்கள் எழுதும் கடிதம் பதிலின்றிப் போகலாம். தளர வேண்டாம். ஒரு கையால் திரியைப் பிடிப்போம். மறு கையால் சுடரைக் காப்போம். அணைந்தால், அருகில் நிற்பவரிடம் கேட்டு ஏற்றிக்கொள்வோம்.