கடல் கடந்து வந்த கறி

பத்தாம் வகுப்பு மாணவருக்கு ‘எங்கள் வீட்டுச் சமையல்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணித்திருந்தேன். திருத்துகையில் ஒரு மாணவனுடைய தாள் என் கையை நிறுத்திவிட்டது. பாட்டி அரைக்கும் சம்பல், பாட்டி சுடும் ரொட்டி, தீபாவளியன்று பாட்டி ஆக்கும் ஆட்டுக்கறி என்று இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தான். தாயைப் பற்றி இறுதியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘அம்மா குவைத்திலிருந்து வந்திருக்கிறார், அவருக்கு எங்கள் வீட்டு அடுப்புப் பழக்கமில்லை.’ கட்டுரையில் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் புள்ளி இடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

அக்குடும்பம் மாத்தளையில் எங்கள் தெருவிலேயே வாழ்வது. மகனுக்கு ஐந்து வயதாயிருந்தபோது அந்த அம்மையார் வீட்டுப் பணிப்பெண்ணாகக் கடல் கடந்து சென்றார். பத்து ஆண்டுகளில் இருமுறை மட்டுமே விடுமுறையில் வந்து போனார். வீட்டுக்குச் சுவர் எழுந்ததும், கூரை மாறியதும், பையன் கல்லூரிக்கு வந்ததும் அவர் அனுப்பிய பணத்தால்தான். இப்பொழுது நிரந்தரமாகத் திரும்பிவிட்டார். ஆனால் அவருடைய இடத்தில் பாட்டி இருக்கிறார். சொந்த வீட்டிலேயே எந்தப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்டறிய வேண்டிய நிலை அவருக்கு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் மனைவியையும் உணவுக்கு அழைத்தார்கள். வெள்ளிக்கிழமையும் முத்துமாரியம்மன் திருவிழா நாள்களும் நீங்கலாக எங்கள் வீட்டில் மாமிசம் விலக்கன்று. ஆதலின் மகிழ்ந்து சென்றோம். அன்று அடுப்படியில் நின்றவர் பாட்டியல்லர், அந்த அம்மையாரே. குவைத்தில் அதே வீட்டில் உடன் வேலை செய்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணிடம் கற்றுக்கொண்ட ‘அடோபோ’ என்னும் கறியை ஆக்கிக்கொண்டிருந்தார்.

“மிளகாய்த்தூள் போடாமல் ஒரு கறியா? தேங்காய்ப் பாலும் இல்லையா?” என்று பாட்டி வியந்தார்.

“இதற்கு மிளகுதான் காரம், அம்மா. நம் வேலியில் படர்ந்திருக்கிற மிளகே போதும்,” என்றார் மகள்.

நம் இல்லத்தரசியரும் செய்து பார்க்கலாம் என்பதால் முறையை இங்கே தருகிறேன். ஒரு கிலோ கோழி இறைச்சியை எலும்போடு பெரிய துண்டுகளாக்கிக்கொள்ள வேண்டும். அரைக் கோப்பை தென்னை வினாகிரி, அதனினும் சற்றுக் குறைவாகச் சோயா சோஸ், தட்டிய வெள்ளைப்பூண்டு ஒரு முழுக் குமிழ், இடிக்காத மிளகு இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றோடு ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிரிஞ்சி இலை இரண்டு மூன்று சேர்ப்பது வழக்கம். அது கடையில் கிடைக்காமையால் அவர் தோட்டத்துக் கறுவாவிலை ஒன்றை இட்டார். புளிப்புப் பொருள் அலுமினியப் பாத்திரத்துக்கு ஆகாது, மண்சட்டியே நன்று.

ஊறியதை ஒரு கோப்பைத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, மூடாமலும் கிளறாமலும் கொதிக்கவிட வேண்டும். வினாகிரியின் முரட்டு நெடி நீங்கும்வரை கரண்டி இடலாகாது என்பது அந்நாட்டுப் பெண்கள் போற்றும் விதி. பின்பு தீயைத் தணித்து, மூடி, முக்கால் மணி நேரம் வேகவிட வேண்டும். வெந்த துண்டுகளை எடுத்துச் சிறிது எண்ணெயில் சிவக்க வாட்டி, சாறு வற்றிக் குழம்பானதும் மீண்டும் அதில் இட்டுப் புரட்டினால் கறி ஆயிற்று. சோயா சோசில் உப்பு உண்டு. எனவே சுவை பார்த்த பின்னரே உப்பிட வேண்டும். ஆட்டிறைச்சியாயின் வேகும் நேரம் ஏறத்தாழ இருமடங்காகும். வெள்ளைச் சோறே இதற்குத் துணை.

இக்கறியின் வரலாறும் சுவையானது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டில் தென்னங்கள்ளும் கரும்புச்சாறும் புளித்து வினாகிரியாவது பழைய வழக்கம். வெப்பநாட்டில் இறைச்சி விரைவிற் கெடும். வினாகிரியும் உப்பும் சேர்ந்தால் கிருமிகள் பெருகுவது தடைப்படும். இந்த அறிவு அம்மக்களுக்கு அயலார் வருமுன்பே இருந்தது. 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர், ஊறவைத்துப் பதப்படுத்துதலைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லால் அதனை அடோபோ என்றனர். 1613 ஆம் ஆண்டில் அங்கு அச்சேறிய தகாலொகு மொழி அகராதியில், பேதுரோ தே சான் புவனவெந்தூரா என்னும் துறவி இதனை அந்நாட்டவரின் அடோபோ என்றே குறித்துள்ளார். பெயர் ஸ்பானியருடையது, பக்குவம் அம்மண்ணுக்கே உரியது. சோயா சோஸ் சீன வணிகரால் வந்தது. வினாகிரியும் வெள்ளைப்பூண்டும் சேர்த்த போர்த்துக்கேயரின் இறைச்சி உணவொன்று கோவாவில் விந்தாலு ஆனதும் இத்தகைய கதையே. மீனைக் கொறுக்காய்ப்புளியிட்டுச் சமைத்து நாள்பட வைத்திருக்கும் வழக்கம் நம் இலங்கையிலும் உண்டன்றோ?

உணவு பரிமாறப்பட்டது. பையன் தட்டின் முன் அமர்ந்து, கறியைத் தொடாமல், பருப்பை மட்டும் பிசைந்துகொண்டிருந்தான். தாய் அதனைக் கண்டும் காணாதவர்போல் என் மனைவியிடம் பேசினார்.

“வேலை ஓய்ந்த இரவுகளில் அவளும் நானும் இதைச் சமைத்து அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். மிளகு எங்கள் வீட்டு வேலியில் காய்க்கும் என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். எங்கள் ஊரில் அது பொட்டலத்தில்தான் காய்க்கும் என்று சிரிப்பாள்.”

பையன் தலையை நிமிர்த்தாமலே, “அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?” என்று கேட்டான்.

“இரண்டு பேர். சின்னவனுக்கு உன் வயதுதான். இந்தக் கறி அவனுக்குப் பிடிக்கும் என்பாள். ஒவ்வொரு முறை ஆக்கும்போதும் அழுவாள்.”

“நீங்கள்?”

தாய் விடை கூறவில்லை. பாட்டிதான் எழுந்து வந்து, கரண்டியை மகள் கையிலிருந்து வாங்காமல், “நீயே போடு,” என்றார். அம்மையார் ஒரு துண்டை மகன் தட்டில் வைத்தார். அவன் உண்டான். நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “வினாகிரி எவ்வளவு விட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டான்.

இரவு வீடு திரும்புகையில் என் உள்ளம் பழைய காலத்துக்குச் சென்றது. கோப்பித் தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். வழியில் மாண்டவர் பலர். அன்று பெண்கள் தம் பிள்ளைகளை இடுப்பில் சுமந்து வந்தனர். இன்று பிள்ளைகளுக்காகவே பிள்ளைகளை விட்டுச் செல்கின்றனர். வளைகுடா நாடுகளுக்குப் பிலிப்பைன்ஸ் அரசு 1974 முதலே திட்டமிட்டுத் தொழிலாளரை அனுப்பியது. இங்கே 1977 இன் பின்னர் பெண்கள் பெருந்தொகையாய்ச் செல்லத் தொடங்கினர். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. அவர்கள் அனுப்பிய பணத்துக்குக் கணக்கு உண்டு. அவர்கள் அங்கே கற்றவை எவை, யாரோடு உண்டார்கள், எப்பொழுது அழுதார்கள் என்பதற்கு நம் வீடுகளில் கணக்கு இல்லை.

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வருபவரை விருந்து என்றனர் நம் முன்னோர். திரும்பி வந்த தாய் தன் வீட்டிலேயே விருந்தாகிவிடுவது எத்துணை வருத்தம் தருவது! அத்தகைய தாய்மார் உள்ள வீடுகளின் பிள்ளைகளுக்கு ஒன்று கூறுவேன்: ‘என்ன கொண்டு வந்தீர்கள்?’ என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டது போதும். ‘அங்கே என்ன சமைத்தீர்கள்?’ என்று ஒருநாள் கேளுங்கள். அடுப்படியில் அருகே நின்று வெள்ளைப்பூண்டை உரித்துக் கொடுங்கள்.

திங்கட்கிழமை அந்த மாணவன் தன் கட்டுரைத் தாளைத் திரும்பக் கேட்டான். மறுநாள் அது மூன்றாம் பக்கத்தோடு வந்தது. மூன்றாம் பக்கத்தில் இருந்தது வேறொன்றுமன்று, அடோபோவின் செய்முறை. வினாகிரியின் அளவைத் தவறாக ஒரு முழுக் கோப்பை என எழுதியிருந்தான். அதனைத் திருத்தாமல், தாயிடம் மீண்டும் கேட்டு வருமாறு அருகில் குறித்து அனுப்பினேன்.